கணிதம், மூன்றாம் தடவை

டென்மார்க்கில் பல்கலைக்கழகப் பரீட்சை ஒன்றுக்கு மூன்று தடவைதான் போகலாம். மூன்றாவதும் தவறினால் அந்தப் பாடம் உங்களுக்கு இல்லை. யாரும் சத்தம் போடமாட்டார்கள். ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். ஊரில் போர் முடிந்த அந்த வருடத்தின் தை மாதத்தில் நான் இரண்டு தடவைகளை முடித்திருந்தேன்.

அப்போது நான் ஒடென்சேயில் முதுகலை மாணவன். முதன்மைப் பாடம் வரலாறு. இங்கே உயர்தர வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் பள்ளியை ஜிம்னேசியம் என்பார்கள். அங்கே ஆசிரியராக வேண்டுமென்றால் இரண்டு பாடம் வேண்டும். ஒன்று பெரியது, மற்றது பக்கப் பாடம். வரலாறு படித்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், கூடவே கணிதம் இருந்தால் அதிபர்கள் வீடு தேடி வருவார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆலோசனை சொல்லும் பெண் சொன்னாள். நான் கணிதத்துக்குப் பதிந்தேன்.

அவளுக்குச் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு நான் கணிதம்தான் படித்தேன். பரீட்சைக்கு விண்ணப்பித்து, சுட்டெண்ணும் வந்துவிட்டது. எழுதுவதற்கு முன்னர் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனோம். அக்கா அங்கேயே கல்யாணம் செய்து இருந்துவிட்டாள். நான் கொழும்பு, மொஸ்கோ, உக்ரேன், ஜேர்மனி என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்தேன். போன இடமெல்லாம் ஏதோ ஒரு வகுப்பில் சேர்ந்து ஏதோ ஒரு பாதியில் விட்டேன். ரஷ்ய மொழி பாதி, ஜேர்மன் பாதி, வெல்டிங் பாதி. முப்பத்திரண்டு வயதில் முழுதாக முடித்தது ஒன்றே ஒன்றுதான், வரலாற்றில் முதல் பட்டம். அதை எடுத்தது கூட, அதற்குச் சேரக் கேட்ட புள்ளி குறைவு என்பதால்தான்.

பக்கப் பாடத்தின் முதல் பெரிய பரீட்சை வாய்மொழிப் பரீட்சை. பதினான்கு கேள்விகளை முதலே தந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு தேற்றமும் அதன் நிறுவலும். பரீட்சை அன்று மேசையில் பதினான்கு துண்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து, கரும்பலகைக்கு முன்னால் நின்று விளக்க வேண்டும். கேட்பதற்கு ஆசிரியர் ஒருவரும், வேறொரு இடத்திலிருந்து வரும் வெளிப் பரீட்சகர் ஒருவரும் இருப்பார்கள்.

கேள்விகளை முதலே தருகிறார்கள் என்று கேட்டதும் நான் உள்ளுக்குள் சிரித்தேன். எங்கள் ஊரில் படித்தவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? பதினான்கையும் டேனிஷ் மொழியில் வரிக்கு வரி பாடமாக்கினேன். அந்த நாட்களில் பின்னேரங்களில் ஒரு ஜிம்னேசியத்தில் துப்புரவு வேலை செய்தேன். பிள்ளைகள் போனபின் வகுப்பறை வகுப்பறையாகப் போய் ஒவ்வொரு பலகையிலும் ஒரு நிறுவலை முதல் வரியிலிருந்து கடைசி வரை எழுதுவேன். பிறகு துடைப்பேன். பலகை துடைப்பது என் வேலைதான் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பது வரைக்கும் எனக்குப் பாடம்.

முதல் தடவை ஏழாம் இலக்கத் துண்டு வந்தது. மூடிய ஆயிடை ஒன்றில் தொடர்ச்சியான சார்புக்குக் கட்டாயம் ஓர் உச்சப் பெறுமானம் உண்டு என்பது தேற்றம். கணிதம் தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: இரண்டு முனைகளும் உள்ள, எங்கும் அறாத ஒரு கோட்டில் மிக உயரமான புள்ளி ஒன்று இருந்தே தீரும். நான் தொடங்கி நாலாவது நிமிடத்தில் ஆசிரியர் மெதுவாகக் கேட்டார்:

“ஆயிடை மூடியதாக ஏன் இருக்க வேண்டும்?”

என் பாடத்தில் அந்த இடத்தில் அந்தக் கேள்வி இல்லை. தெரியாது என்று ஆசிரியரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு உள்ளங்கையில்தான் பதில் கிடைக்கும். ஆகவே பலகையைத் துடைத்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி சொன்னேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி தொடங்கினேன். மூன்றாம் முறை தொடங்கியபோது நேரம் முடிந்தது. இரண்டு சைபர் போட்டார்கள். போதாது என்று அர்த்தம்.

இரண்டாம் தடவை தை மாதம். ஒரு சின்ன உதாரணம் கேட்டார்கள். பலகையைப் பார்த்தபடி சுண்ணாம்புக் கட்டியுடன் நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. இங்கே சைபருக்குக் கீழேயும் ஒரு புள்ளி இருக்கிறது. மைனஸ் மூன்று. அதைத் தந்தார்கள்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்தவரை அண்ணை என்பேன், சொந்தமில்லை. அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஆஸ்பத்திரி உடுப்பு தோய்க்கும் இடத்தில் வேலை. என்னை வாத்தி என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன வாத்தி, எத்தினை?”

“சய மூண்டு.”

“சயவோ? கழிச்சு விட்டுட்டாங்களோ?” அவர் கறிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். “மடையா, போகாமல் படுத்திருந்தாலும் சைபராவது மிஞ்சியிருக்குமேடா.”

“உங்கட வாயில நல்ல சொல்லு வராதோ அண்ணை?”

“வரும். முதல் சாப்பிடு.”

அந்தக் கிழமைதான் அக்காவின் அழைப்பு வந்தது. வன்னியில் யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசி, சற்லைட் போன். ஆட்கள் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம் கதைத்தார்கள்.

“தம்பி, நான்தான். கனக்கக் கதைக்கேலாது, பின்னால சனம் நிக்குது.”

“எல்லாரும் இருக்கிறியளோ அக்கா?”

“இருக்கிறம். அத்தானும் நிக்கிறார். சின்னவளுக்குக் காய்ச்சல், இப்ப மாறீட்டுது. மூத்தவள் பள்ளிக்கூடம் இல்லையெண்டு துள்ளிக்கொண்டு திரியிறாள். நாளைக்கு இன்னும் கடற்கரைப் பக்கமாப் போகச் சொல்லுறாங்கள். அது கிடக்கட்டும், உன்ர சோதினை என்ன மாதிரி?”

“பாஸ் அக்கா.”

“கணக்கோ?”

“ஓம், கணக்குத்தான்.”

அவள் தொலைபேசியிலிருந்து வாயை எடுத்துவிட்டு வரிசையில் நின்றவர்களுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது: “தம்பி கணக்கில பாஸாம்!” அங்கே யாரோ ஒரு ஆண்குரல், “அப்ப தேத்தண்ணி தரச் சொல்லுங்கோ” என்றது. சிரித்தார்கள். பின்னால் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. கதவை அடித்துச் சாத்துவது போல. லைன் போய்விட்டது.

அதன் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மாசி, பங்குனி, சித்திரை.

மூன்றாவது தடவை யூன் முதல் வாரம் என்று திகதி வந்தது. இனி பாஸ் எடுத்தே ஆக வேண்டும். பக்கப் பாடம் போனால் ஜிம்னேசியம் போகும், ஜிம்னேசியம் போனால் அதற்காகப் படித்த வரலாறும் என் பாதிகளில் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதைவிடப் பெரியது, அக்காவிடம் சொன்ன பொய். அவள் அதை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். அந்தச் சனமெல்லாம் எங்கே இருக்கிறது, எத்தனை பேர் மிச்சம் என்று எனக்குத் தெரியாது. நான் பாஸ் என்று நம்பிய ஆட்கள் உலகத்தில் அவர்கள் மட்டும்தான்.

மறுபடி பாடமாக்கத் தொடங்கினேன். முடியவில்லை. பலகையில் இரண்டு வரி எழுதுவேன், மூன்றாவது வரி வராது. கைத்தொலைபேசி பொக்கற்றில் அசைவது போல இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. திரும்பிப் பார்த்தால் எழுதிய இரண்டு வரியும் யாரோ எழுதியது போலத் தெரியும். துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவேன்.

சனிக்கிழமைகளில் கொப்பன்ஹேகனில் போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலம். கோல்டிங் நகரத்திலிருந்து ஒரு பஸ் வந்து வழியில் எங்களையும் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து போகும். ஒருமுறை மடியில் கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கோல்டிங் அக்கா ஒருவர் சாப்பிட ரோல்ஸ் நீட்டினார்.

“தம்பி என்ன படிக்கிறீர்?”

“வரலாறு. இது பக்கப் பாடம். சின்னது.”

“சின்னதுக்கோ இவ்வளவு தடிப்பான புத்தகம்?” அவர் தன் மகளைப் பார்த்து, “பார், இந்த மாமா பஸ்ஸிலயும் படிக்கிறார், நீ?” என்றார். பத்து வயது மகள் என் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு டேனிஷில் பதில் சொன்னாள்: “அவர் படிக்கவில்லை. ஏறினதிலிருந்து ஒரே பக்கம்தான்.”

தாய் அவளுடைய தொடையில் கிள்ளினார். பிள்ளை சொன்னது சரி.

மே நடுப்பகுதியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அண்ணை தொலைக்காட்சியை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். இரண்டு நாள் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள் அவர் உடுப்பு தோய்க்கும் இடத்துக்கும் நான் பலகை துடைக்கவும் போனோம். வேறு என்ன செய்வது? உயிரோடு வந்தவர்களை முகாம்களில் அடைத்திருக்கிறார்கள் என்றார்கள். பெயர்ப் பட்டியல் இல்லை. கொழும்பில் தெரிந்த ஒருவரிடம் அக்காவின் பெயரும் அத்தானின் பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் கொடுத்திருந்தேன். அவர், “கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்றே ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. எனக்கு ஒரு நிறுவலும் முழுதாக வரவில்லை. திகதியைத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்கப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். பழைய ஆலோசகப் பெண்தான் இருந்தாள். என் நாட்டுச் செய்தியை அவளும் பார்த்திருந்தாள். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

“விதிவிலக்குக் கேட்கலாம். நோய் என்றால் டொக்டரின் கடிதம் வேண்டும். அல்லது நெருங்கிய உறவினரின் மரணம்.”

“எனக்கு நோய் இல்லை. அக்காவின் தொடர்பு இல்லை.”

“இறந்துவிட்டாரா?”

“தெரியாது.”

அவள் படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள். “தெரியாது என்பதற்கு இதில் இடம் இல்லை,” என்றாள். குரலில் வருத்தம் இருந்தது. “நீங்கள் மரணம் என்று போட்டு, ஆவணம் பிறகு வரும் என்று ஒரு வரி எழுதினால், நான் அதைக் குழுவுக்கு அனுப்பலாம். நிலைமை அவர்களுக்கும் தெரியும்.”

படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பின்பக்கத்தில் நெருங்கிய உறவினர் யார் என்று அச்சடித்திருந்தது. பெற்றோர், துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர். உடன்பிறந்தோரின் பிள்ளைகள் அதில் இல்லை. முன்பக்கத்தில் மரணம் என்பதற்கு எதிரே ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் புள்ளடி போட்டால் எனக்கு ஆவணி வரை நேரம் கிடைக்கும்.

குசினி மேசையில் படிவத்தை வைத்துப் பேனையை எடுத்தேன். பேனை முனை பெட்டிக்கு மேலே வந்து நின்றது. இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் மூடி வைத்தேன்.

“போடன்,” என்றார் அண்ணை. அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“எப்பிடிப் போடுறது?”

“புள்ளடிதானே. ரெண்டு கீறு.”

“அக்கா உயிரோட இருந்தா?”

“இருந்தா இருக்கட்டும், சந்தோசம். பேப்பரில எழுதினா ஆள் சாகுமோடா? நீ கணக்குப் படிக்கிறவன். சாமியார் மாதிரிக் கதைக்கிறாய்.”

“நான் போடமாட்டன் அண்ணை.”

“அப்ப சோதினைக்குப் போய் என்னத்தை அவிக்கப் போறாய்? மூண்டாந்தரமும் வாயைப் பிளந்துகொண்டு நிக்கப் போறாய். பிறகு உந்தப் பள்ளிக்கூடத்தில சாகுமட்டும் கக்கூஸ் கழுவு.”

எனக்குக் கோபம் வந்தது. சொல்லக்கூடாததைச் சொன்னேன். அண்ணையின் தம்பி ஒருவர் பதின்மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர், பிறகு வீடு திரும்பவில்லை.

“உங்கட தம்பிக்கு நீங்கள் புள்ளடி போட்டிட்டியளோ?”

வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது. பிறகு அவர் மறுபடி வெட்டத் தொடங்கினார். தேவைக்கு மேலே வெட்டினார். அவருடைய அம்மா வீட்டில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தம்பிக்கு ஒரு புதுச் சேட்டு வாங்கி வைக்கிறார் என்பது எனக்கு முதலே தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

படிவத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். கொடுக்க வேண்டிய நாள் கடந்து போனது.

பரீட்சை அன்று நல்ல வெயில். சைக்கிளில் போனேன். தாழ்வாரத்தில் எனக்கு முன்னால் போய் வந்த பெண் பத்து எடுத்துவிட்டு அழுதாள். ஆகக் கூடிய புள்ளியான பன்னிரண்டை எதிர்பார்த்தவளாம். என்னைக் கூப்பிட்டார்கள். ஆசிரியர் எழுந்து கை கொடுத்தார். வெளிப் பரீட்சகர் நரைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண். அவருக்கு முன்னால் பாதி கடித்த அப்பிள். மேசையில் பச்சைத் துணி, துணியில் துண்டுகள்.

எடுத்தேன். ஏழு.

ஆசிரியருக்கும் நினைவிருந்தது போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தேற்றத்தை எழுதினேன். நிறுவலின் முதல் வரி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வரவில்லை. ஆசிரியர் போன வருடம் கேட்டதையே அதே மெதுவான குரலில் கேட்டார்:

“ஆயிடை மூடியதாக ஏன் இருக்க வேண்டும்?”

துடைத்துவிட்டுத் தொடங்கக் கை போனது. தொடங்குவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஐந்து மாதமாக அக்காவைப் பற்றிக் கேட்ட எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வாயில் பழகிப் போயிருந்தது.

“தெரியாது,” என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வெளிப் பரீட்சகர் அப்பிளைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

“நல்லது. அப்படியென்றால் பார்ப்போம். மூடாமல் விடுங்கள். ஒரு முனையை எடுத்துவிடுங்கள். என்ன நடக்கிறது?”

பலகையில் ஒரு கோடு கீறினேன். சைபருக்கும் ஒன்றுக்கும் இடையில். சைபர் என்ற முனையை எடுத்துவிட்டேன். ஒன்றின் கீழ் எக்ஸ் என்ற சார்பைப் போட்டேன். கோடு அந்த இல்லாத முனையை நோக்கிப் போகப் போக ஏறியது. பலகையின் மேல் விளிம்பு வந்துவிட்டது.

“அங்கே மிக உயரமான புள்ளி எது?”

“இல்லை. எதைச் சொன்னாலும் அதற்கு மேலே ஒன்று இருக்கிறது.”

“ஏன் இல்லாமல் போனது?”

“முனை இல்லாததால். அது அந்த வழியால் போய்விடுகிறது.”

“அப்படியானால் நிறுவலில் முனை எங்கே தேவைப்படும்?”

யோசித்தேன். சத்தமாக, தப்பும் தவறுமான டேனிஷில் யோசித்தேன். ஒரு இடத்தில் பிழையாகப் போனேன். ஆசிரியர் “நிச்சயமா?” என்றார், நான் “இல்லை” என்றேன். இன்னொரு இடத்தில் அவரே பாதி வரி சொன்னார். நிறுவல் முடியவில்லை, நேரம் முடிந்தது. கை முழுக்கச் சுண்ணாம்புத் தூள்.

வெளியே ஐந்து நிமிடம் நின்றேன். உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள்: “சைபர் இரண்டு.”

அதுதான் பாஸுக்குரிய ஆகக் குறைந்த புள்ளி. “நிறுவல் பலவீனம்,” என்றார் ஆசிரியர். “ஆனால் இன்றைக்குத்தான் உங்களோடு கதைக்க முடிந்தது. முதல் இரண்டு தடவையும் உள்ளே வர இடமே தரவில்லை.” நான் நன்றி சொன்னேன். மலசலகூடத்தில் போய்க் கை கழுவினேன். கண்ணாடியில் பார்த்தபோது நெற்றியிலும் சுண்ணாம்பு இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வீட்டில் அண்ணை கதவைத் திறந்தார். பத்து நாளாகத் தேவையானதை மட்டும்தான் கதைத்தோம்.

“எத்தினை?”

“சைபர் ரெண்டு. பாஸ்.”

“ரெண்டுக்கு முன்னால சைபர் என்னத்துக்கு?”

“ஆரும் முன்னால ஒண்டைப் போட்டுப் பன்னிரண்டு ஆக்கக் கூடாதெண்டு.”

“எங்கட ஆக்களுக்காகத்தான் வைச்சிருக்கிறாங்கள்,” என்றார். பிறகு பிரிட்ஜைத் திறந்து, “இறைச்சி கிடக்கு. காய்ச்சட்டோ?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

அக்காவின் அழைப்பு ஆவணியில் வந்தது. முகாமுக்கு வந்துபோகிற யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி. மறுபடி இரண்டு நிமிடம். குரல் தடித்துப் போயிருந்தது.

“தம்பி, நான்தான்.”

அவள் தானே சொன்னாள். அத்தான் வேறொரு முகாமில், காலில் காயம், உயிரோடு இருக்கிறார். மூத்தவள் பக்கத்தில் நிற்கிறாள். தண்ணீருக்கு வரிசை. வெயில். கூடாரம் அவிகிறது. ஒரு வாளி இருந்தால் பெரிய உதவி. வாளியைப் பற்றி நிறையச் சொன்னாள்.

“அக்கா, நான் கணக்கில பாஸ்,” என்றேன். இடையில் வெட்டித்தான் சொன்னேன்.

“அதைத்தானே தையில சொன்னனீ.”

“ஓம்.”

“எனக்கு மறக்கேல்லை. பங்கருக்குள்ள இருக்கேக்க ரெண்டுக்கும் சொல்லிச் சொல்லித்தான் வைச்சிருந்தனான். மாமா மாதிரிப் படிக்கோணுமெண்டு.” சற்று நிறுத்தினாள். “இங்க ஒரு கொட்டிலுக்க பள்ளிக்கூடம் துவங்கியிருக்கினம். எழுத ஒண்டும் இல்லை. ஒரு கணக்குக் கொப்பி அனுப்பேலுமோ?”

“ரெண்டு அனுப்புறன் அக்கா, சின்னவளுக்கும் சேர்த்து.”

“ஒண்டு போதும்,” என்றாள்.

பின்னால் யாரோ அவளை அவசரப்படுத்தினார்கள். “வைக்கிறன் தம்பி, சனம் நிக்குது,” என்றாள். நான் இன்னும் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தேன். அண்ணை குசினி வாசலில் வந்து நின்று கையால் என்ன என்று கேட்டார். ஒரு கணக்குக் கொப்பி வாங்க வேண்டும் என்று சொன்னேன்.